தனக்கோடி அணைத்த விளக்குகள்

தனக்கோடிக்குக் கோபம் வர ஒரு காரணம் இருந்தால் போதும். சி பிளாக்கில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆளே இல்லாத வகுப்பில் அத்தனை டியூப்லைட்டும் எரியும். ஏசி ஓடுகிற அறையில் ஜன்னல் திறந்திருக்கும். ஏன் என்று கேட்டால் குளிருகிறது என்பார்கள். குளிர்ந்தால் ஏசியை அணைக்கலாமே என்ற யோசனை டாக்டர் பட்டம் வாங்கிய தலைக்குள் ஏன் நுழைய மாட்டேன் என்கிறது என்று கேட்டுக் கேட்டு அவர் ஓய்ந்துபோனார். ஓய்ந்துபோனார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். மறுநாள் காலையில் மறுபடி கேட்பார்.

பெங்களூருவின் கிழக்கு ஓரத்தில் உள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் அவர் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, எங்கே எது வீணாக எரிகிறது என்று கண் மாடி ஜன்னல்களில் மேயத் தொடங்கிவிடும். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பவர்கட். பவர்கட் வருகிறார் என்று வராந்தாவில் ஒருவன் குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு ஸ்விட்சை அணைப்பார்கள். அது அவர் காதிலும் விழும். என்ன பெயர் வைத்தால் என்ன, அணைத்தால் சரி என்று விட்டுவிடுவார்.

வகுப்புக்குள் நுழைந்து பாடம் நடக்கும்போதே திட்டிய நாட்களும் உண்டு. அப்போது தவறாமல் தன் வீட்டை உதாரணம் காட்டுவார். தன் மனைவி முத்தம்மா நாலாங்கிளாஸ்கூடத் தாண்டவில்லை, ஆனால் சமையலறையில் விளக்கு போடாமலே ராத்திரிச் சமையலை முடித்துவிடுவாள், வாசல் வெளிச்சமே அவளுக்குப் போதும் என்பார். மாதக்கணக்காக அந்த விளக்கு எரிந்து அவர் பார்த்ததில்லை. அந்தக் காம்பஸில் முத்தம்மாவை நேரில் பார்த்தவர்கள் ஓரிருவர்தான்; ஆனால் அவள் இருட்டில் சமைப்பாள் என்பது துணைவேந்தர் வரைக்கும் தெரியும்.

அவருடைய வயிற்றெரிச்சலுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக்கு இருந்தது ஒற்றை பல்பு, அதுவும் வீட்டுக்காரர் தன் லைனிலிருந்து இழுத்துக் கொடுத்தது. தான் சாப்பிட்டு முடித்ததும் அந்த மனிதர் மெயினை இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். தனக்கோடி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பான். பத்தாவதில் கணக்கில்தான் போயிற்று. அதன் பிறகு ஒயரிங் வேலைக்குப் போய், ஹெல்பராக இருந்து, லைசென்ஸ் எடுத்து, சூப்பர்வைசராகவும் ஆகிவிட்டார். ஆனால் யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால் இன்றைக்கும் அவருக்கு யாரோ தன்னைக் கேலி செய்வது மாதிரி இருக்கும்.

அதனால்தான் போன செப்டம்பரில் சி பிளாக்குக்கு சென்சர் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு அறையின் கூரையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். அறைக்குள் ஆள் நுழைந்தால் அது கண்டுகொள்ளும், விளக்கும் ஏசியும் தானாக வரும். ஆள் போனால் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், கத்த வேண்டாம். சென்சர் கெட்டுப்போனால் உதவட்டும் என்று மாடிக்கு ஒரு பைபாஸ் ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் அந்த மாடியில் சென்சர் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். எல்லா விளக்கும் எல்லா ஏசியும் ஓடிக்கொண்டே இருக்கும். சி பிளாக்கில் மிச்சம் பிடித்துக் காட்டினால் மற்றக் கட்டடங்களுக்கும் சென்சர் போடுவது என்று துணைப் பதிவாளர் சேஷகிரி சொல்லியிருந்தார். கட்டடத்தின் வாசலில் ஒரு திரையை மாட்டி, கரண்ட் செலவு குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு என்று காட்டவும் ஏற்பாடு செய்தார்கள்.

முதல் சில வாரங்கள் திரை பச்சையோ பச்சை. தனக்கோடி டீ குடிக்கப் போகிற வழியில் அதன் முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த நாட்களில் அவர் சிரித்துப் பேசியதாகக்கூட ஒரு வதந்தி உண்டு.

பிறகு ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம், வகுப்பெல்லாம் காலியான பிறகு, தனக்கோடி வழக்கம்போலத் தன் ஆட்களோடு பூஜை போட்டார். டிரில்லுக்கும் ஏணிக்கும் மீட்டர் பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தார். அந்த வருஷம் அதோடு நிற்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு சி பிளாக்கில் அறை அறையாகப் போனார். புதுசாக வந்த சாமான், தன் பல வருஷத்துக் கத்தலை மிச்சப்படுத்திய சாமான், அதற்குப் பொட்டு வைக்காமல் இருக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு சென்சருக்கும் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்தக் கட்டடத்து அட்டெண்டர் கோவிந்தப்பா.

பண்டிகை முடிந்து காலேஜ் திறந்தது. திரை சிவப்பாக மாறியது.

முதல் நாள் தனக்கோடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரமும் சிவப்பாகவே இருந்தபோது அவருக்கு ரத்தம் கொதித்தது. சென்சர் வருவதற்கு முன்னால் ஆன செலவைவிட இப்போது அதிகம். காலையில் வந்து பார்த்தால் மூன்று மாடியிலும் பைபாஸ் போட்டிருக்கும். ராத்திரி முழுக்க ஏசி ஓடியிருக்கும். அவர் அணைத்துவிட்டு மெயின் ரூமுக்குப் போவார். காபி நேரத்துக்குத் திரும்பி வந்தால் மறுபடியும் போட்டிருக்கும். காரணம் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. புதுசில் எல்லாரும் ஒழுங்காக இருப்பார்கள், புதுசு போனதும் பழைய புத்தி வந்துவிடும். விளக்கு தானாக அணைந்து தானாக வருகிற அந்த ஒரு நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டாத ஜென்மங்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேதியியல் சொல்லிக்கொடுக்கிற வீணா மேடம் ஒருநாள் அவரைத் தேடி வந்தார். இரண்டாவது மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது, வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தும் திரும்ப வரவில்லை என்றார். அவர் மேற்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தார். தனக்கோடி அதற்கு இடம் கொடுக்கவில்லை. பையன்கள் அசையாமல் தூங்கினால் உள்ளே ஆள் இருப்பது சென்சருக்கு எப்படித் தெரியும், முதலில் அவர்கள் விழித்திருக்கிற மாதிரிப் பாடம் நடத்துங்கள் என்றார். பக்கத்தில் மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வீணாவின் முகம் சிவந்துபோயிற்று. அதன் பிறகு அவர் தனக்கோடியைத் தேடி வரவில்லை. தான் கேட்ட கேள்வியில் இருந்த நியாயம் உறைத்துவிட்டது என்று தனக்கோடி நினைத்துக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து ஒரு ஆளையும் வரவழைத்தார். சட்டையில் சுருக்கம் விழாத அந்தப் பையன் மெயின் ரூமில் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, எல்லா சென்சரும் உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். போகிற வழியில் ஒரு வகுப்பில் அண்ணாந்து பார்த்தவன், பூஜை போட்டிருப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. ஆக சாமான் மேல் தப்பில்லை, மனிதர்கள் மேல்தான் தப்பு என்று தனக்கோடிக்கு உறுதியாயிற்று. அவர் எப்போதும் சொல்லிவந்ததும் அதைத்தானே.

டிசம்பர் கடைசியில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தார். காலையில் பைபாஸை அணைத்துவிட்டு, போவது போலப் போய், மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் கோவிந்தப்பா ஒரு காலைச் சற்று இழுத்தபடி வந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து பைபாஸைப் போட்டார். கிளீனிங் வேலைக்காக அட்டெண்டர்களிடமும் ஒரு சாவி இருந்தது.

கோவிந்தப்பாவைத் தனக்கோடிக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆஸ்டின் டவுன்காரர். காண்டிராக்டர்கள் மாறினாலும் ஆள் மாறாமல் அதே கட்டடத்தில் இருப்பவர். வீட்டு விசேஷங்களுக்குப் போக வர இருக்கிற பழக்கம். இவரா என்ற அதிர்ச்சி கோபத்தை இரண்டு மடங்காக்கியது. தனக்கோடி வாய்க்கு வந்தபடி பேசினார். கோவிந்தப்பா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "லைட் வரலண்ணா, பசங்க இருட்டுல உக்காந்துனு இருக்காங்க," என்று மட்டும் சொன்னார். லைட் வராமல் எங்கே போகும், உனக்கும் அவர்களோடு சேர்ந்து சோம்பேறித்தனம் தொற்றிக்கொண்டது என்று தனக்கோடி கத்தினார். அந்தச் சூட்டோடு சேஷகிரியின் அறைக்கும் போனார்.

சேஷகிரி நிதானமான மனிதர். அவர் கத்தவில்லை. வேண்டுமென்றே ஸ்விட்சைப் போட்டுக் கெடுக்கிற ஆள் நமக்கு எதற்கு, அடுத்த மாதக் கடைசியில் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் காண்டிராக்டருக்கு எழுதிவிடுகிறேன் என்றார். தனக்கோடி அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, காலை இழுத்து நடக்கிற ஒருவரை இனி எந்தக் காண்டிராக்டரும் எடுக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் சார், கண்டித்து வைத்தால் போதும் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வாசல் திரையின் சிவப்பு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த எரிச்சலையும் அவர் கோவிந்தப்பாவின் மேலேயே காட்டினார்.

சங்கராந்திக்கு முந்தின வாரம் சி பிளாக் செமினார் ஹாலில் கமிட்டி கூடியது. சென்சரைத் தொடர்வதா, கழற்றி எறிவதா என்று முடிவு செய்கிற கூட்டம். தனக்கோடி அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். விடிந்ததும் வந்து எல்லா மாடியிலும் பைபாஸை அணைத்து, கோவிந்தப்பாவிடமிருந்து சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தானாக விளக்கு வருகிற அழகைக் கமிட்டி கண்ணால் பார்க்கட்டும். குறை சாமானில் இல்லை, கோவிந்தப்பாவின் கையில்தான் என்று அப்போது தெரிந்துவிடும்.

புரொஜெக்டருக்காக ஹாலில் திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டிருந்தார்கள். சேஷகிரி முன்னால் வர, நாலைந்து பேராசிரியர்கள் பின்னால் வந்தார்கள். வீணாவும் அவர்களில் ஒருவர். வாசலில் நின்று சேஷகிரி விளக்கு எங்கே என்றார். உள்ளே வாருங்கள், தானாக வரும் என்றார் தனக்கோடி.

எல்லாரும் உள்ளே போனார்கள். விளக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடுவில் வாருங்கள் என்றார். நடுவில் போனார்கள். வரவில்லை. கொஞ்சம் அசைந்தால் நல்லது என்று சொன்னார். துணைப் பதிவாளர் கோட்டுப் போட்ட கையை மேலே தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டினார். அவர் ஆட்டுகிறாரே என்று மற்றவர்களும் ஆட்டினார்கள். அறிவியலுக்கு விருது வாங்கிய ஒரு பெரியவர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்து பார்த்தார். தனக்கோடியும் இரண்டு கையையும் விரித்துக் கூரையைப் பார்த்து வீசினார். இருட்டு அப்படியே இருந்தது. கையை ஆட்டாமல் சும்மா நின்றவர் வீணா ஒருவர்தான். அவர் கூரையைப் பார்த்தார், தனக்கோடியைப் பார்த்தார், பிறகு எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன்ரீ தனக்கோடி, இன்னும் எவ்வளவு நேரம் டான்ஸ் ஆடணும்?" என்றார் சேஷகிரி.

தனக்கோடிக்கு அவமானத்தில் காது சுட்டது. இன்றைக்கும் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அப்போதும் அவர் நினைத்தார். ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். வராந்தாவில் ஓரமாக நின்றுகொண்டிருந்த கோவிந்தப்பாதான் ஏணியைக் கொண்டுவந்து வைத்து, கீழே பிடித்துக்கொண்டார். தனக்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார், மேலே போய் டார்ச்சை அடித்தார்.

வெள்ளைக் குமிழ் வெள்ளையாகவே இல்லை. சந்தனம் காய்ந்து வெடித்து, தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது. சந்தனத்தின் குறுக்கே ஒரு கோடு. எப்போதோ கம்பி சுட்டுத் தன் கட்டைவிரலில் ஏற்பட்ட தழும்பின் கோடு அது. எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு வைக்கலாம். இந்தச் சாமானுக்கு நெற்றி கிடையாது, கண் மட்டும்தான். அந்தக் கண்ணை அவர் ஒவ்வொரு அறையாகப் போய், பக்தியோடு, அழுத்தி மூடிவிட்டு வந்திருந்தார். இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறார். பொட்டு வைத்த சாமானில் பொட்டு இருப்பது அவர் கண்ணுக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

அவர் குனிந்து பார்த்தார். கோவிந்தப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனுக்குத் தெரியுமா?" என்று தனக்கோடி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியும்ணா."

"எப்பலர்ந்து?"

"பண்டிகை முடிஞ்சு தொறந்த அன்னிக்கே. வீணா மேடத்துக்கும் தெரியும். பசங்களுக்கும் தெரியும்."

"தொடச்சு வுட வேண்டியதுதானே?"

"பூஜை போட்ட பொட்டுண்ணா. அதுவும் நீங்க வெச்சது. நான் எப்பிடித் தொடைக்கிறது?"

"அப்போ எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

கோவிந்தப்பா ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட யாருண்ணா சொல்றது? லைட் வரலன்னதுக்கே அந்தக் கத்து கத்துனீங்க. உங்க பொட்டாலதான் வரலன்னு சொன்னா இன்னா ஆகும்? அதுக்கு ஸ்விட்சைப் போட்டுட்டுப் போறது மேல்னு போட்டேன்."

தனக்கோடி கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைக்கப் போய், சாமி சாமான் என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டார். கீழேயிருந்து யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அது வீணாவின் கை. நனைத்துத் துடைத்தார். இரண்டாம் இழுப்பிலேயே ஹாலில் அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஏசி முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பெரியவர்கள் கை தட்டினார்கள்.

என்னதான் கோளாறு என்று சேஷகிரி கேட்டார். தூசி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கமிட்டிக்கும் அது போதும், மரியாதையும் போகாது. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏணிக்கடியில் இருந்த தலை கீழே குனிந்திருந்தது. தூசி என்று அவர் சொல்லப்போவதைக் கோவிந்தப்பா முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் தனக்கோடிக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை அது யார் மேல் என்று அவருக்குச் சந்தேகமில்லை.

"கோளாறு நான்தான் சார். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன், கண்ணு மேலயே வெச்சுட்டேன். மூணு மாசமா ஒண்ணும் வேலை செய்யல. கோவிந்தப்பா ஸ்விட்சைப் போட்டதாலதான் இங்க பாடமே நடந்துது. அவரை அனுப்பக் கூடாது."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சரி, ஆனால் காண்டிராக்டருக்கு மெயில் போய்விட்டது, பிறகு பார்க்கலாம், முதலில் இறங்குங்கள் என்றார். பிறகு பார்க்கலாம் என்பதற்கு அந்த அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று தனக்கோடிக்குத் தெரியும். அவரே எத்தனை தடவை புது ஒயர் கேட்டு அந்தப் பதிலை வாங்கியிருக்கிறார்.

"நீங்க போன் பண்ணுங்க சார். அப்பறம் எறங்குறேன்," என்றார்.

பெரிய மனிதர்கள் கூடிய சபையில் ஒரு ஆள் ஏணி மேல் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. விருது வாங்கிய பெரியவர் ஒரு செருமல் செருமினார். வீணா தன் நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். கூட்டம் தொடங்க வேண்டும், ஏணியோ புரொஜெக்டரின் வழியில் நிற்கிறது. கடைசியில் சேஷகிரி ஜேபியிலிருந்து போனை எடுத்தார், காண்டிராக்டரைக் கூப்பிட்டார், அந்த ஆளே இருக்கட்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சாயங்காலத்துக்குள் மற்ற எல்லாவற்றையும் துடைத்திருக்க வேண்டும் என்று தனக்கோடியிடமும் சொன்னார். அப்புறம்தான் அவர் இறங்கினார்.

மத்தியானம் முழுக்க இருவரும் அறை அறையாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துடைப்பதற்குக் கோவிந்தப்பா கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தனக்கோடி ஒவ்வொன்றையும் துடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனசு கேட்காமல் பக்கத்துக் கூரையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கினார். கடைசி அறைக்கு வந்தபோது, தனக்குத் தெரியாமல் இந்தக் காம்பஸில் எல்லாருக்கும் தெரிந்தது வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். கோவிந்தப்பா மென்று விழுங்கிவிட்டு, லைப்ரரி பின்னறையில் வாட்டர் ஹீட்டர் ராடைப் போட்டுக் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள் என்றார். எத்தனை நாளாக, யார் அது, என்ன தைரியம் என்று தனக்கோடி ஏணியிலிருந்தே ஆரம்பித்தார். கோவிந்தப்பா அவரையே பார்த்தார். தனக்கோடி பாதியில் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு சிரமப்பட்டு அவர் எதையும் நிறுத்தியதில்லை.

வீட்டுக்கு வரும்போது நீலசந்திராவில் விளக்கு வைக்கிற நேரம். சந்துக்குள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நடந்ததை யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. கூடத்தில் முத்தம்மா இல்லை. சமையலறையிலிருந்து தாளிக்கிற சத்தம் வந்தது. வாசல் வெளிச்சமே அவளுக்குப் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த நேரத்தில் அங்கே எட்டிப் பார்த்தவரே இல்லை. அன்றைக்குத்தான் போனார்.

வாசல் வெளிச்சம் அங்கே வந்து சேரவே இல்லை. பருப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனின் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் சுவரில் ஒரு வட்டமாக விழுந்திருந்தது, வாணலி பாதி நிழலில் இருந்தது. முத்தம்மா முகத்தைக் கிட்டே கொண்டுபோய் கடுகு வெடித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனக்கோடி ஸ்விட்சைப் போட்டார். அந்த வீட்டில் விளக்கைப் போட அவர் கை போனது எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்போதுதான். விளக்கு வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"பல்பு போச்சு," என்றாள் முத்தம்மா, திரும்பாமலே.

"எப்போ?"

"அது ஆச்சு. போன உகாதிக்கு முன்னாடி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சொன்னா கத்துவே. எரிய வுட்டுனே இருந்தா போகாம இன்னா செய்யும்னுவே. இது இருக்குது இல்ல, போதும்."

தனக்கோடி அங்கேயே நின்றார். துணைவேந்தர் வரைக்கும் போன பெருமை இந்த ஃபியூஸ் போன பல்புதான். அதை எத்தனை பேர் எதிரில், எத்தனை வகுப்பில், மார்தட்டிச் சொல்லியிருக்கிறார். ஊரார் கட்டடத்துக்கெல்லாம் லைட் போடுகிறவன் வீட்டில் பொண்டாட்டி மாதக்கணக்காக இருட்டில் தாளித்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கு ஆத்திரம் பொங்கி வந்தது, கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது?

தெருமுனைக் கடைக்குப் போய் பல்பு வாங்கி வந்தார். ஸ்டூலின் மேல் ஏறினார், முத்தம்மா பிடித்துக்கொண்டாள். போனதைக் கழற்றிப் புதுசைத் திருகியதும் சமையலறை முழுக்க வெளிச்சமானது. மேலிருந்து பார்க்கும்போது ஸ்டூலைப் பிடித்திருந்த அவள் கை தெரிந்தது. முன்கையில் எண்ணெய் தெறித்த வடுக்கள், சில பழசு, சில இன்னும் ஆறாதவை. இதெல்லாம் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, கடுகு தெறிப்பதுதானே என்று சொல்லி அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு நடந்ததைச் சாப்பிடும்போது சொன்னார். பொட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோவிந்தப்பா சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

பாத்திரம் கழுவி வைத்துவிட்டு முத்தம்மா சமையலறையை விட்டு வெளியே வரும்போது, பழக்கத்தில் அவள் கை ஸ்விட்சுக்குப் போனது.

"இருக்கட்டும், எரியட்டும்," என்றார் தனக்கோடி.

அவள் நம்பாமல் அவரைப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளே ஆள் இல்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது உறுத்தத்தான் செய்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.